நீலாவதி மெஷினுக்குச் சேர்ற குப்பி

எனக்கு மூக்கு மேல கோபம் வரும். இந்தத் தோட்டத்து லயத்து வீடுங்கள்ல நேத்துப் பொறந்த புள்ளைக்குக் கூட அது தெரியும், நான் மறைச்சு என்ன ஆகப் போகுது? அந்தக் கோபத்துலதான், என் பொண்டாட்டி நீலாவதியை எரிச்சுட்டு வந்த மறுநாள், வீடு கழுவுறப்போ, அடுப்படி அலமாரியில இருந்த ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் குப்பையில போட்டேன். யார் மேல கோபம்னு கேட்காதீங்க. அவ மேலதான். சொல்லாம கொள்ளாம போயிட்டாளே. பையில என்ன இருக்குன்னு பிரிச்சுக்கூடப் பார்க்கல. பத்து மணிக்கு குப்பை லோரி வந்து அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு.

அது அவளோட காப்பிக் குப்பிங்கன்னு பன்னெண்டாம் நாள்தான் எனக்குத் தெரிஞ்சுது.

குப்பின்னா மருந்துக் குப்பி இல்ல. காப்பி மெஷினுக்குள்ள போடுறது. கட்டை விரல் உயரம் இருக்கும், உள்ள காப்பித் தூளை அடைச்சு மேல தகடு ஒட்டியிருப்பான். மெஷின் வாயைத் திறந்து உள்ள வச்சு, மூடி, பட்டனை அமுக்கினா, மெஷின் அதை ஊசியால குத்திச் சுடுதண்ணியை விடும். கீழே காப்பி வடியும். கேப்சூல்னு சொல்லணுமாம். நான் குப்பின்னுதான் சொல்லுவேன்.

தேயிலைத் தோட்டத்து லயத்துல காப்பி மெஷினுக்கு என்ன வேலைன்னு நீங்க கேட்கலாம். நானும் அதையேதான் கேட்டேன். நீலாவதி இருபது வருஷம் கொழுந்து பறிச்சவ. முட்டி வலி வந்த பெறகு மலை ஏற முடியல, கோலா தெர்லாவுல டூரிஸ்ட் தங்குற ஒரு ஹோம்ஸ்டேக்கு ரூம் துடைக்கிற வேலைக்குப் போனா. அங்க சீன மேடம் ஒருத்தங்க முதலாளி. ஒன்றரை வருஷத்துக்கு முன்ன அவங்க புது மெஷின் வாங்குனப்போ, பழசை இவகிட்ட கொடுத்துட்டாங்க. பெட்டியும் இல்ல, படிக்கிற புத்தகமும் இல்ல. அறையில தங்கிட்டுப் போறவங்க அவங்க கொண்டாந்த குப்பியில மிச்சத்தை மேசையிலயே விட்டுட்டுப் போவாங்களாம். அதுல இந்தப் பழைய மெஷினுக்குச் சேர்றதாப் பார்த்துத்தான் இவ பொறுக்கிச் சேர்த்து வச்சிருந்தா. கடையில ஒன்னுகூட வாங்கினதில்ல.

அந்த மெஷினைத் துண்டுல சுத்தி, மடியில வச்சுக்கிட்டு வேன்ல வந்து இறங்குனா பாருங்க, கல்யாணத்தன்னிக்குக் கூட நான் அவ முகத்துல அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்ல.

"முப்பது வருஷமா ஃபேக்டரி டிரையர்கிட்ட நின்னு தேயிலையைக் காய வைக்கிறவன்டி நான்" என்றேன். "என் சட்டையை மோந்து பாரு. என் வீட்ல காப்பி மெஷினா? தோட்டத்துத் துரை கேட்டாருன்னா கைகொட்டிச் சிரிப்பாரு."

"ஆமா, துரைக்கு நம்ம அடுப்படிய எட்டிப் பார்க்குறதுதான் வேலை. ஒரு வாய் குடிச்சுப் பாருங்களேன்."

"எனக்கு வேணாம். நீயே குடி."

அதோட அவ கேட்கிறதை விட்டுட்டா. நான் காலையில அஞ்சரைக்கெல்லாம் ஃபேக்டரிக்குக் கிளம்பிடுவேன். அவளுக்கு வேன் ஏழு மணிக்கு. நடுவுல இருக்கிற நேரத்துல அவ மட்டும் உட்கார்ந்து குடிச்சிருக்கா. நான் வர்றப்போ மெஷின் மேல துணி போட்டு மூடியிருக்கும்.

அந்த ஹோம்ஸ்டேல மெத்தை விரிப்பு மாத்துறப்போதான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா. எழுந்திருக்கவே இல்ல. வயசு ஐம்பது.

பன்னெண்டாம் நாள் சாயங்காலம், என் மக விக்னேஸ்வரி கருமாதிச் சாமானுக்கு லிஸ்ட் எழுத உட்கார்ந்தா. அவ ஈப்போவுல வேலை பார்க்குறா, அம்மா காரியத்துக்கு லீவு போட்டுட்டு வந்திருந்தா. எங்க வழக்கத்துல செத்தவங்களுக்கு என்ன உசுரோ அதைத்தான் படையல்ல வைக்கணும். முனியாண்டிக் கங்காணி செத்தப்போ ரெண்டு போத்தல் ஸ்டவுட் பீரும் ஒரு கட்டு சுருட்டும் வச்சோம், யாரும் தப்பா நெனைக்கல. விக்னேஸ்வரி எழுதிக்கிட்டே வந்தா: நெத்திலி சம்பல், ஆட்டுக்கறிப் பெரட்டல், கேசரி. கடைசியா நிமிர்ந்து பார்த்துச் சொன்னா, "அம்மா மெஷின் காப்பி ஒரு கப் வைக்கணும்பா. அதான் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சது."

"வையேன். நானா வேணாம்னேன்?"

அவ அலமாரியைத் திறந்தா. மேல்தட்டு, கீழ்தட்டு எல்லாம் துழாவினா. "இங்க ஒரு பிளாஸ்டிக் பை இருந்துச்சேப்பா, குப்பிங்க எல்லாம் அதுலதானே இருக்கும்?"

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. சொன்னேன், தூக்கிப் போட்டது நான்தான்னு. திட்டுவான்னு பார்த்தேன், திட்டியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஏதோ ஆறியிருக்கும். அவ லிஸ்டை மடிச்சு வச்சுட்டு அறைக்குள்ள போயிட்டா.

பக்கத்து வீட்டுத் தங்கம்மா அக்கா சொன்னாங்க, "விடு தம்பி, கடைக் காப்பித் தூளைக் கலக்கி வச்சாப் போச்சு. செத்தவளுக்கு என்ன தெரியப் போகுது."

எனக்கு வந்துச்சே கோபம்! செத்தவளுக்கு ஒன்னும் தெரியாதுன்னா எதுக்கு ஆட்டுக்கறி, எதுக்கு படையல்? பதினாறோட ஆவி வீட்டை விட்டுக் கிளம்பிடும்னு நம்ம ஆளுங்கதானே சொல்றாங்க. இந்த வீட்ல அவ வாய் வைக்கப் போற கடைசி காப்பி அது. இருந்த வரைக்கும் அவ ஆசையா சொன்ன ஒன்னைக்கூட நான் காதுல வாங்கல. இந்த ஒன்னையாவது ஒழுங்கா செஞ்சு அவளை அனுப்பணும். அதுக்கு நான் தலைகீழா நின்னாலும் சரி.

ஆன்லைன்ல வாங்கலாம்னா, மலைக்கு வந்து சேர ஏழு நாளாகும்னு போட்டிருந்தான். கருமாதிக்கு இருக்கிறது நாலு நாள். அதோட என்ன வகைன்னே தெரியாதே? மெஷின் முகத்துல இருந்த பேரை இவ தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவியே அழிச்சு வச்சிருந்தா. வாயைத் திறந்து பார்த்தேன். உள்ள பழசு ஒன்னு மாட்டியிருந்துச்சு, மேல மூணு ஓட்டையோட, கசங்கிப் போயி. அவ கடைசியா குடிச்ச காப்பியோடது. அதைத் துடைச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன்.

மறுநாள் முதல் வேலையா கோலா தெர்லாவுக்குப் போனேன். மேடம் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு மலாய்ல என்னென்னமோ சொல்லி அழுதாங்க. நீலா மாதிரி ஆள் கிடைக்காதுன்னாங்க. நான் விஷயத்தைச் சொன்னதும் உள்ள போய் ஒரு பெட்டி குப்பியையே எடுத்தாந்து கொடுத்துட்டாங்க. எனக்கு இருந்த சந்தோஷத்துல சட்டைப் பையில இருந்ததை எடுத்து ஒப்பிட்டுக் கூடப் பார்க்கல. மெஷின் இங்கிருந்து வந்ததுதானே, குப்பியும் இங்கிருந்து வந்தா சேராமலா போகும்?

சேரல. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது, அது மேடத்தோட புது மெஷினுக்கு உள்ளதுன்னு. குடை மாதிரி அகலமா இருந்துச்சு. நான் விடுவேனா? மேல கையை வச்சு முழு பலத்தோட அமுக்கினேன். மூடி 'கிறீச்'னுச்சு.

"அப்பா! உடைச்சிடாதீங்கப்பா!" விக்னேஸ்வரி ஓடி வந்து மெஷினைப் பிடுங்கிக்கிட்டா. "எதையாவது ஒன்னைப் பொறுமையா செய்யத் தெரியுமா உங்களுக்கு?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க. நல்ல வேளை, ஒன்னும் உடையல.

பதினாலாம் நாள் மெஷினையே மோட்டார் சைக்கிள்ல கட்டிக்கிட்டேன். கம்போங் ராஜாவுல ஜாஃபர் சாப்பாட்டுக் கடையும் அதை ஒட்டி மளிகையும் வச்சிருக்கான். டூரிஸ்ட் வர்ற ஊராச்சே, காப்பிக் குப்பியும் வகை வகையா வாங்கிப் போட்டிருப்பான். தே தாரிக் டீ ஆத்துற மேசை மேல நான் மெஷினைத் தூக்கி வச்சதும் ஜாஃபர் சிரிச்சான்.

"என்னண்ணே, என் கடையிலயே எனக்குப் போட்டியா கடை போடுறீங்களா?" அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். "அக்காவோடதா?"

"ஆமாடா தம்பி. படையலுக்கு ஒரு கப் வேணும். எது சேருதுன்னு பார்த்துக் கொடுலா."

பக்கத்துல வயரைச் சொருகி சுவிட்சைப் போட்டான். முதல் வகை உள்ள போட்டதும் லொடக்குனு விழுந்துச்சு. வாய்க்கும் அதுக்கும் ஒரு விரல் இடைவெளி. பட்டனை அமுக்கினா வெறும் வெந்நீர் நாலா பக்கமும் வழியுது. ரெண்டாவது வகை கச்சிதமா உட்கார்ந்துச்சு. மூடியும் மூடுச்சு. "கிடைச்சிடுச்சு!"ன்னு நான் போட்ட சத்தத்துல ரொட்டி சானாய் தின்னுக்கிட்டிருந்த லோரி டிரைவருங்க எல்லாம் எழுந்து வந்துட்டாங்க. பட்டனை அமுக்கினேன். மெஷின் உறுமுது, உறுமுது, சொட்டுக் காப்பி வரல.

அப்புறம் ஆளுக்கொரு நாட்டாமை. ஒருத்தன் கத்தியால விளிம்பைச் சீவுங்கிறான். இன்னொருத்தன் ஆணியால ஓட்டை போடுங்கிறான். மூணாவது ஆள், "குப்பியைப் பிரிச்சுத் தூளைக் கொட்டிச் சுடுதண்ணி ஊத்தினா ஆச்சு, எதுக்குண்ணே இந்தப் பாடு?" என்றான்.

"உன் பொண்டாட்டி செத்தா நீ அப்படி வைடா!" என்று கத்திட்டேன்.

பாவம், அந்த ஆள் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கும் வெட்கமா போச்சு. ஆனா வாயில வந்தது வந்ததுதான்.

ஜாஃபர் சம்சாரம் சுஹைலா கல்லாவுல இருந்து எழுந்து வந்துச்சு. மெஷினைக் கவிழ்த்து அடியில பார்த்துச்சு. அங்க ஒரு சின்ன சீட்டு, அதுல நம்பர். எனக்கு ஏன் அது தோணல? அந்த நம்பரைக் கைபேசியில தட்டிப் பார்த்துட்டுச் சொல்லுச்சு, "அண்ணே, வாய் சேர்ந்தா மட்டும் பத்தாது. விளிம்பு சேரணும், குத்துற ஊசியும் எட்டணும். நீங்க போட்டது விளிம்பு தடிச்சது, அதான் ஊசி எட்டல. அக்காவோட பழைய குப்பி ஏதாவது இருக்கா?"

சட்டைப் பையில இருந்து எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில வச்சு, விரலால விளிம்பைத் தடவிப் பார்த்துச்சு. "பாருங்க, தகடு மாதிரி மெல்லிசா இருக்கு. இந்த வகை நம்ம கடையில இல்லண்ணே." என் முகம் போன போக்கைப் பார்த்துட்டு, "இருங்க, அழாதீங்க"ன்னுச்சு. நான் அழறேன்னே எனக்குத் தெரியல.

அது நாலு பேருக்கு போன் போட்டுச்சு. கடைசியில திரிங்காப்ல ஒரு பூத்தோட்டம், அங்க தங்குறவங்களுக்கு இதே வகை வச்சிருந்தாங்கன்னும், புவனேஸ்னு ஒரு பொண்ணு இருக்கும், போய்ப் பாருங்கன்னும் சொல்லுச்சு. எனக்கு ஆத்திக் கொடுத்த டீக்கு ஜாஃபர் காசு வாங்கல.

பதினஞ்சாம் நாள் நல்ல மழை. கோஸ் ஏத்தின லோரிங்க சேத்தை வாரி அடிச்சுக்கிட்டுப் போகுது, மெஷினுக்கு மழைச்சட்டையைப் போர்த்திட்டு நான் நனைஞ்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தேன். புவனேஸ் சின்னப் பொண்ணு, பூக்கட்டைத் தாள்ல சுத்திக்கிட்டிருந்துச்சு. இழுப்பறை எல்லாம் திறந்து பார்த்து, "ரெண்டுதான் அங்கிள் இருக்கு. நாங்களும் மெஷினை மாத்திட்டோம்" என்று நீட்டுச்சு. சுஹைலா சொன்ன மாதிரியே மெல்லிசு விளிம்பு. கசங்கினதைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அண்ணன் தம்பி மாதிரி இருந்துச்சு.

"ஒன்னை இங்கேயே போட்டுப் பார்த்துடுங்க அங்கிள். வீட்டுக்குப் போய் சேரலைன்னா திரும்ப அலையணும்."

நியாயமான பேச்சு. போட்டேன். மூடி 'டக்'னு மூடுச்சு. பட்டனை அமுக்கினேன். ஒரு உறுமல், அப்புறம் கறுப்பா, நுரையோட, நூல் பிடிச்ச மாதிரி காப்பி இறங்குச்சு. நான் அதையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். கீழே கப் வைக்க மறந்துட்டேன். மேசை பூரா வழிஞ்சு, பூச்சுத்துற தாளெல்லாம் நனைஞ்சு, தரையில சொட்டுது. அந்த வாசனை மூஞ்சியில அடிச்சுது. அது எனக்குத் தெரிஞ்ச வாசனை. சாயங்காலத்துல அவ பக்கத்துல வந்து உட்கார்ந்தா முந்தானையில லேசா இருக்கும். ஹோம்ஸ்டே சோப்பு வாசனைன்னு ஒன்றரை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அங்கேயே நாற்காலியில உட்கார்ந்து ஓன்னு அழுதேன். புவனேஸ் துணியை எடுத்துத் துடைச்சுக்கிட்டே, "பரவால்ல அங்கிள், பரவால்ல"ன்னுச்சு.

மிச்சம் இருந்த ஒன்னைக் கைக்குட்டையில சுத்திக்கிட்டு வந்தேன். அன்னிக்கு ராத்திரி வீட்ல எல்லாரும் சமையல் சாமான் நறுக்கிக்கிட்டிருந்தப்போ நான் யார்கிட்டயும் வள்ளுனு விழல. விக்னேஸ்வரி கூட ஆச்சரியமா பார்த்தா. கிடைச்சிடுச்சு, நாளைக்கு அவளுக்கு வச்சிடலாம்கிற நிம்மதி எனக்கு.

கருமாதியன்னிக்குக் காரியமெல்லாம் முடிஞ்சு, பதினொரு மணிக்குப் படையல் போட்டாங்க. அவ படத்துக்கு முன்னால தலைவாழை இலை, புதுச் சேலை, சம்பல், பெரட்டல், கேசரி, எல்லாம் வச்சாச்சு. வீடு நெறைய சொந்தக்காரங்க. லயத்துல பாதிப் பேர் வாசல்ல நின்னாங்க. "காப்பி வந்தா சூடம் காட்டிடலாம்" என்று பெரியவங்க யாரோ குரல் கொடுத்தாங்க.

நான்தான் போடுவேன்னு சொல்லியிருந்தேன். கப்பை முதல்ல வச்சேன். குப்பியைப் போட்டு மூடினேன். பட்டனை அமுக்கினேன். எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க, வீட்ல மெஷின் சத்தம் மட்டும்தான். ஒரு சொட்டு சிந்தாம கப் நெறைஞ்சுது. அப்பாடா! அந்த நேரத்துல எனக்கு இருந்த பெருமையை நான் எப்படிச் சொல்றது? பார்த்தியா நீலா, கொண்டாந்துட்டேன் பார்த்தியான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

விக்னேஸ்வரி சீனி டப்பாவும் கரண்டியுமா பக்கத்துல வந்து நின்னா.

"அம்மாவுக்குச் சீனி எத்தனைப்பா?"

நான் கப்பைக் கையில எடுத்தேன்.

"பால் ஊத்துவாங்களா, கறுப்பாவே குடிப்பாங்களா?"

"நீ பார்த்ததில்லையா?" என்றேன்.

"நான் வர்றப்பல்லாம் எனக்குத்தான் போட்டுக் கொடுப்பாங்க. நீ குடி, எனக்கு நாளைக்குன்னுவாங்க. அவங்க குடிச்சு நான் பார்த்ததே இல்லப்பா."

படையல் சாமானை நாம வாயில வச்சு ருசி பார்க்கக் கூடாது, எச்சில் ஆயிடும். ருசி பார்த்தாலும் எனக்கு என்ன தெரியப் போகுது? அவ குடிக்கிற ருசி என்னன்னு எனக்குத் தெரிஞ்சாத்தானே? கப்பைக் கையில வச்சுக்கிட்டு அத்தனை பேர் முன்னாலயும் திரும்பிக் கேட்டேன், "நீலாவதி காப்பிக்குச் சீனி எவ்வளவு போடுவா? யாருக்காச்சும் தெரியுமா?"

அவ கூடப் பொறந்த அக்காவே தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. எனக்கு வழக்கம்போலக் குரல் ஏறுச்சு. "இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தருக்குக்கூடவா தெரியாது?"

"எங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"ன்னாங்க தங்கம்மா அக்கா. குத்திக் காட்டிச் சொல்லல, உள்ளதைத்தான் சொன்னாங்க. "நீதானே புருஷன்."

எனக்கு டீயில ஒன்றரைக் கரண்டி சீனின்னு அவளுக்குத் தெரியும். மழைக் காலத்துல இஞ்சி தட்டிப் போடணும், வயிறு சரியில்லாத அன்னிக்குப் பாலைக் குறைக்கணும், எல்லாம் தெரியும். இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள் கூட அவ என்கிட்ட எவ்வளவுன்னு கேட்டதில்ல. மூணு நாளா மலை பூரா அலைஞ்சு, வாய் சேருதா, விளிம்பு சேருதா, ஊசி எட்டுதான்னு பார்த்தேன். அந்த ஒன்றரை வருஷத்துல ஒரே ஒரு நாள், பத்து நிமிஷம் பிந்திக் கிளம்பி அவ பக்கத்துல உட்கார்ந்திருந்தா போதும், இதைக் கேட்க வேண்டியிருந்திருக்காது. நான் உட்காரல.

காப்பி ஆறிக்கிட்டிருந்துச்சு. கப்பை இலைக்குப் பக்கத்துல வச்சேன். விக்னேஸ்வரி கையில இருந்த சீனி டப்பாவை வாங்கி அதையும் மூடியைத் திறந்து வச்சேன். பால் டின்னை ஓட்டை போட்டு எடுத்தாரச் சொல்லி வச்சேன். கரண்டியைக் கப் மேல வச்சேன்.

"எனக்குத் தெரியல நீலா" என்றேன், எல்லார் காதுலயும் விழுற மாதிரியே. "நீயே போட்டுக்க."

சூடம் காட்டினோம். அவ வந்து சாப்பிடட்டும்னு எல்லாரையும் வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினாங்க. மத்தவங்க எல்லாம் வாசல் பக்கம் போயிட்டாங்க, நான் மட்டும் கதவு மேல காதை வச்சுக்கிட்டு நின்னேன். கரண்டி ஒரு தடவை கப்புல இடிக்கிற சத்தம் கேட்டா போதும், ஒன்னா ரெண்டான்னு எண்ணிக்குவேன். கதவைத் திறக்கிற வரைக்கும் நின்னேன். ஒன்னும் கேட்கல.